கொட்டாஞ்சேனைச் சுவரில் ஓர் ஆணி

“…கதைக்க வரேல்லை. கதைக்கிறதெல்லாம் அங்க கதைச்சு முடிஞ்சுது. ஆணியைக் கழட்டத்தான் வந்தனான்,” என்று அக்கா சொன்னபோது முதலாளிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

குறட்டோடு பக்கத்தில் நின்றவன் நான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரும்வரை அந்தக் குறடு என் மடியில்தான் இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். இரண்டு இடத்திலும் “இது எதற்கு?” என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அக்காதான் சிங்களத்தில் பதில் சொன்னார், ஓர் ஆணி பிடுங்குவதற்கு என்று. ஆமிக்காரன் சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை.

“ஆணியா? எந்த ஆணி மிஸ்?”

மருந்துக்கடை அரைக்கதவு சாத்தியிருந்தது. முதலாளி பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவர் தலைக்கு மேலே, சுவரில் வெள்ளையாகத் தெரிந்த ஒரு சதுரத்தைக் காட்டினார். ஏதோ ஒரு பிரேம் நெடுங்காலம் தொங்கி மறைத்து வைத்திருந்த வெள்ளை. அதன் நடுவில், கொஞ்சம் மேலே, ஓர் ஆணி.

அடுத்து அவர் செய்ததைச் சொல்லலாம். ஆனால் ஆளைத் தெரியாமல் அதைக் கேட்டால், யாரோ பைத்தியக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். ஆளைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பெயர் மட்டும் சொல்லமாட்டேன். கேட்காமல் தன் பெயரைப் பாவித்தவனை அவர் என்ன செய்தார் என்று பார்த்தவன் நான். எந்த நாட்டில் இருந்தாலும் கடிதம் வரும். இரண்டு கொப்பியில் வரும்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்கு டைப்பிங் கடை இருந்தது. ஒரு மேசை, ஒரு மெஷின், பிறகு ஒரு போட்டோக்கொப்பி. ரயில் போகும்போது எழுத்துக்கள் துள்ளும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் நான் படித்தது மற்றவர்களின் மனுக்களைத் தட்டித் தட்டித்தான். காணாமல் போனவர்களைப் பற்றிய மனு, பயணப் பாஸ் கேட்டு மனு, பொலிஸ் பதிவுக்குக் கடிதம், வெளிநாட்டுக்குப் போக சத்தியக்கடதாசி. அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்குச் சோறு இல்லாவிட்டாலும் கடதாசி இருக்கவேண்டும்.

கடை திறந்த முதல் வருஷமே அக்கா வந்தார். காலி வீதியில் ஒரு ஹாஜியாரின் மருந்துக்கடையில் பதிவுபெற்ற மருந்தாளர். ஐம்பதை நெருங்கும் வயது. கொட்டன் சேலை, ஆம்பிளைக் கைக்கடிகாரம், பிளவுஸில் குத்திய சிவப்புப் பேனை. அந்தப் பேனைதான் அவர். டொக்டர் எழுதிய துண்டை மூன்று தரம் வாசிப்பார். மருந்தை எடுத்து வைத்து இன்னொரு தரம் வாசிப்பார். பிறகு மூலையில் ஒரு சின்னச் சரி போட்டு, மை காயும்வரை ஊதுவார். அவர் ஊதி முடியும்வரை கடையில் நிற்கும் அவ்வளவு பேரும் பொறுத்திருக்க வேண்டும். ஊதாமல் ஒரு மருந்தும் கை மாறியதில்லை.

“ரெண்டு கொப்பி, தம்பி,” என்பதுதான் என் கடைக்குள் அவர் சொன்ன முதல் வசனம். பிறகுதான் கும்பிட்டார்.

ஏன் இரண்டு என்று ஒருநாள் கேட்டேன். “ஒரு கொப்பி அவைக்கு. மற்றது, அவை இல்லையெண்டு சொல்லேக்க,” என்றார். “சொல்லுவினமோ?” என்றேன். “எவ்வளவு பெரிய அரசாங்கக் கந்தோரோ அவ்வளவு கெதியாச் சொல்லுவினம்.”

கடிதங்களுக்கு மட்டும் இரண்டாம் கொப்பி வைத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர்கள் சொன்னதற்கும் செய்ததற்கும் அவரிடம் கொப்பி இருந்தது.

ஒரு டொக்டர் இருந்தார், பெயர்பெற்றவர். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. அக்கா துண்டைத் திருப்பி அனுப்பினார், விளங்க எழுதித்தரச் சொல்லி. அவர் நோயாளியிடம், “அந்தக் கடைக்காரியை முதலில் வாசிக்கப் பழகச் சொல்லு,” என்று சொல்லிவிட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒன்பது வருஷம் பேசவில்லை. ஒன்பதாம் வருஷம் அந்த டொக்டரே கண் மங்கி, கண்ணுக்கு விடும் மருந்து வாங்க வந்தார். அக்கா போத்தலைக் கொடுத்தார், உறையில் எப்படி விடுவதென்று விளக்கமாக எழுதிக் கொடுத்தார். டொக்டர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, “என்ன எழுதியிருக்கிறது பிள்ளை?” என்று கேட்டார். “ஐயா முதல்ல வாசிக்கப் பழகோணும்,” என்றார் அக்கா. பிறகு அவரைக் கதிரையில் இருத்தி, முழுவதையும் தானே வாசித்துக் காட்டி, முதல் துளியைத் தானே விட்டும் அனுப்பினார்.

இன்னொருவர் அக்கா இருந்த அடுக்குமாடிப் பிளட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எங்கேயோ குண்டு வெடித்த அடுத்த நாள் பொலிஸ் வந்து, “இந்தப் பெண் யார்?” என்று அவரைக் கேட்டபோது, பயத்தில் “தெரியாது” என்று சொல்லிவிட்டார். அக்கா அன்று பகல் முழுவதும் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எல்லா வீட்டுக்கும் பொங்கல் கொண்டுபோவார். அந்த வீட்டுக்கும் போவார், பெல் அடிப்பார். மனுசன் கதவைத் திறந்தால், “மன்னிக்கோணும், ஆரெண்டு தெரியேல்லை,” என்று சொல்லிவிட்டுப் பொங்கலோடு திரும்புவார். ஆறு வருஷம். கடைசியில் அந்த மனுசன் வீடு மாறித் தெஹிவளைக்குப் போய்விட்டார். அக்கா விலாசம் விசாரித்ததாகக் கேள்வி.

நான் சிரித்துச் சிரித்து, “இவ்வளவு காலம் எப்பிடி அக்கா கோவத்தை வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“கோவத்தையும் மருந்து மாதிரித்தான் வைக்கோணும் தம்பி. வெயில் படாம, குளிர்ச்சியான இடத்தில. அப்பதான் பழுதாகாது. சூட்டில வைச்சிருக்கிற ஆக்களின்ர கோவம் ஒரு கிழமையில திகதி முடிஞ்சிடும்.”

இனி முதலாளியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சனத்தைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்கு முன் அக்கா நான்கு வருஷம் கொட்டாஞ்சேனையில் அந்த முதலாளியின் கடையில்தான் வேலை செய்தார். மருந்துக்கடை நடத்துவதற்குப் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் கடையில் இருக்கவேண்டும், அவருடைய மூல சேர்டிபிகேட் எல்லாருக்கும் தெரியச் சுவரில் தொங்கவேண்டும். அது சட்டம். சட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கமும் இருந்தது. மருந்தாளர் வேறெங்கோ இருப்பார், சேர்டிபிகேட் மட்டும் சுவரில் வேலை செய்யும். அக்காவுக்கு அந்த வழக்கம் ஆகவே ஆகாது. “பேர் ஓரிடம், ஆள் ஓரிடம் எண்டால் அது செத்தவையின்ர படம்,” என்பார்.

கலவரம் வந்தபோது அக்காவை உள்ளே ஸ்டோரில் பால்மாப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வாசலில் நின்றவர் முதலாளி. அவர் கத்தோலிக்கர், தாய்வழிச் சிங்களம் வாயில் தண்ணீராக ஓடும். கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, வந்த கூட்டத்திடம், “இது என் கடை, உள்ளே யாரும் இல்லை,” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே நின்றார். மூன்றாம் நாள் தன் வானில் பெட்டிகளுக்கு அடியில் படுக்கவைத்து அகதி முகாமுக்குக் கொண்டுபோய் விட்டார். அக்கா கைப்பையோடு போனார். சேர்டிபிகேட் சுவரில் நின்றுவிட்டது.

கப்பலில் யாழ்ப்பாணம் போய், அடுத்த வருஷம் கொழும்புக்குத் திரும்பி வந்ததும் அக்கா முதலாளிக்குப் போன் எடுத்தார். “நீங்க போன அன்னைக்கே திரும்ப வந்து முன்பக்கத்த எரிச்சிட்டாங்க மிஸ். ஒங்க சேர்டிபிகேட்டும் போச்சி,” என்றார் முதலாளி. அக்கா அவருடைய கடைக்காகப் போனிலேயே அழுதாராம். பிறகு என்னிடம் வந்து, சேர்டிபிகேட் அழிந்துவிட்டது, வேறு பிரதி தாருங்கள் என்று கவுன்சிலுக்கு விண்ணப்பம் தட்டுவித்தார். கவுன்சில் என்று மட்டும் சொல்கிறேன், மருந்தாளர்களின் பெயரைப் பதிகிற, தேவைப்பட்டால் வெட்டுகிற இடம். அந்த விண்ணப்பத்தில் வெள்ளவத்தை விலாசம் போட்டோம். கவுன்சில் தன் கொப்பியை எடுத்துக்கொண்டு, அக்காவின் கொப்பியில் சீல் குத்திக் கொடுத்தது.

துண்டை மூன்று தரம் வாசிக்கிற மனுஷி, கொட்டாஞ்சேனைக்கு ஒருதரம் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் கால் வைக்கவே அவரால் முடியவில்லை. அதைவிடப் பெரிய காரணம், உயிரைக் காப்பாற்றியவனின் சொல்லை யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு முதலாளிக்கு வாழ்த்து மட்டை போட்டார். அதற்கு மட்டும் இரண்டாம் கொப்பி வைக்கவில்லை.

கடை எரியவில்லை. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அக்காவின் சேர்டிபிகேட் பதினொரு வருஷம் அந்தச் சுவரில் தொங்கி, ஆளில்லாமல் கடை நடத்தியது.

இது தெரியவந்த விதம் இப்படி. ஒரு காலை, அலுவலகக் கோட்டுப் போட்ட ஒருவர் ஹாஜியாரின் கடைக்குள் வந்து, அக்கா பார்த்துக்கொண்டிருக்க, சுவரிலிருந்த பிரேமைக் கழற்றினார். அக்காவின் பெயர் பதிவேட்டிலிருந்து வெட்டப்பட்டாயிற்றாம். குற்றம், கொட்டாஞ்சேனைக் கடைக்குச் சேர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு ஆள் அங்கே இல்லாமல் இருந்தது. கவுண்டரில் நின்ற யாரோ ஒருவர் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் மருந்தை மாற்றிக் கொடுத்து, பிள்ளை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து பிழைத்தது. தாய் முறைப்பாடு செய்தாள். ஒழுக்காற்று விசாரணைக்கு வரச்சொல்லி அக்காவுக்குப் பதிவுத் தபால் போனது, பழைய கொட்டாஞ்சேனை விலாசத்துக்கு. யாரோ கையெழுத்து வைத்து வாங்கியிருந்தார்கள். கையெழுத்திட்ட அட்டை கவுன்சிலுக்குத் திரும்பி வந்தது. கடிதம் கிடைத்தும் வராத திமிர் என்று எழுதிவிட்டு, ஆளில்லாமலே விசாரித்து, ஆளில்லாமலே வெட்டிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அக்கா என் கடைக்கு வந்து வாங்கில் இருந்தார். அழவில்லை. நான் தேத்தண்ணி எடுப்பித்தேன், குடிக்கவில்லை.

“பேர் எரிஞ்சு போச்செண்டவன், அந்தப் பேரை வைச்சு ஒரு பிள்ளைக்கு நஞ்சு குடுத்திருக்கிறான்,” என்றார். பிறகு, “நத்தாருக்கு நத்தார் மட்டை போட்டனான் தம்பி,” என்றார்.

அடுத்த நாள் அவர் வழக்கறிஞரிடம் போகவில்லை. கொலன்னாவைக்குப் போனார், அந்தப் பிள்ளையின் தாயைத் தேடி. நானும் போனேன். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் பலகை வீடு. பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அக்கா சிங்களத்தில், “சுவரில் இருந்தது என் பெயர்தான்,” என்றார். மேலே சொல்லவிடாமல் அந்தத் தாய் கத்தினாள். கையில் இருந்த விளக்குமாற்றால் நிலத்தில் அடித்து அடித்து, “யன்ன! யன்ன மெஹென்!” என்று துரத்தினாள். உன் கை அழுகும் என்றாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம்.

“அவ பேசினது முழுக்கச் சரி,” என்றார் அக்கா பஸ்ஸில். “ஆனா அந்தத் திட்டு என்ர இல்லை. பிழையான ஆளிட்டக் குடுத்திட்டா. உரிய ஆளிட்டக் கொண்டுபோய்க் குடுக்கோணும்.”

ஹாஜியார் அக்காவை நிறுத்தவில்லை. “மகள், நீங்க சும்மா இரிங்க, கடை ஒங்கட கடை,” என்றார். அக்கா சும்மா இருக்கவில்லை. கவுண்டரின் மற்றப் பக்கம் நின்று சவர்க்காரமும் பால்மாவும் விற்றார். மருந்தைத் தொடவில்லை. பனடோல்கூட எடுத்துக் கொடுக்கமாட்டார். “பனடோல் பெட்டிக்கடையிலயும் விக்கினமே அக்கா,” என்றேன். “பெட்டிக்கடைக்காரனிட்டப் பறிக்க ஒண்டுமில்லை,” என்றார். புதிதாக வந்த மருந்தாளர் நல்ல பையன், ஆனால் அவசரக்காரன். அவன் கை பிழையான தட்டுக்குப் போனால் சவர்க்காரப் பக்கமிருந்து ஓர் இருமல் வரும். அவன் நின்று திரும்ப வாசிப்பான். பார்மசிக்கு மருந்தாளர் அவன், அவனுக்கு மருந்தாளர் அந்த இருமல்.

பிரேம் போன ஆணி வெறுமையாக இருந்தது. ஹாஜியார் அதில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டார். அக்கா கழற்றி மேசையில் வைத்தார். அவர் திரும்பத் தொங்கவிட்டார். அக்கா திரும்பக் கழற்றினார். “அது என்ர இடம் ஹாஜியார். இருக்கிறனோ இல்லையோ, இடம் என்ர.” அதற்குப் பிறகு யாரும் அதில் ஒன்றும் தொங்கவிடவில்லை. இரண்டரை வருஷம்.

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு. முழுவதும் நான்தான் தட்டினேன். தட்டத் தட்ட என் விரல்களுக்கே கோபம் ஏறியது. மூன்று இடத்தில் புள்ளி விழுந்து தாள் ஓட்டையாகிவிட்டது.

வழக்கறிஞர் தாள்களைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதில வெல்லுறதுக்குக் கோவம் தேவையில்லை. கொப்பிதான் தேவை,” என்றார்.

“ரெண்டும் இருக்கு,” என்றார் அக்கா.

வழக்கின் முதல் தவணை நாளில், குண்டுத் தாக்குதலில் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்துகொண்டிருந்தன. பட்டப்பகல் வானம் கறுப்பு. பஸ் இல்லை, எங்கேயும் ஆமி மறிப்பு. வேறு யாராவது என்றால் வீட்டில் இருந்திருப்பார்கள். அக்கா வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்கு நடந்தார். வழக்குக் கூப்பிடவே இல்லை, வேறு திகதி போட்டார்கள். திரும்பியும் நடந்தார். “நான் வரேல்லை எண்டு ஒருக்கா எழுதினவை. இனி அப்பிடி எழுத விடமாட்டன்,” என்றார். அந்த வழக்கில் ஒன்பது தவணை. ஒன்பதுக்கும் முதல் ஆளாக வாங்கில் இருந்தவர் அவர்தான்.

கவுன்சில் தரப்பு சொன்னது இதுதான்: பதிவேட்டில் இருந்த விலாசத்துக்குத்தான் அனுப்பினோம், விலாசம் மாறினால் அறிவிப்பது அவருடைய கடமை. அக்காவின் வழக்கறிஞர் மறுபேச்சுப் பேசாமல், சீல் குத்திய அந்தப் பழைய காபன் கொப்பியை மேலே கொடுத்தார். வெள்ளவத்தை விலாசம். கவுன்சிலின் சீல். பத்து வருஷமாக அவர்களுடைய கோப்பிலேயே கிடந்த விலாசம்.

தீர்ப்பு எங்களுக்கு. கவுன்சிலின் முடிவு ரத்து. அறிவித்தல் கொடுத்து, ஆளை வைத்து, திரும்ப விசாரிக்க வேண்டும். நான் துள்ளினேன். அக்காவின் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

“நான் செய்யேல்லை எண்டு சொல்லுவினம் எண்டு பாத்தன். அவை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே?”

“அது அவைக்குரிய வேலை இல்லை அக்கா,” என்றார் வழக்கறிஞர். “செய்தியளோ இல்லையோ எண்டு இந்தக் கோர்ட்டு பாக்காது. உங்களைச் சொல்ல விட்டவையோ எண்டுதான் பாக்கும். இனிக் கவுன்சில்ல போய்ச் சொல்லுங்கோ.”

“அப்ப அவனும் அங்க வருவான்?”

“சாட்சிக்குக் கூப்பிடுவினம்.”

அப்போதுதான் அக்கா சிரித்தார். இரண்டு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

விசாரணைக்கு ஒரு கிழமைக்கு முன் முதலாளி என் கடைக்கு வந்தார், அக்கா அங்கே வருவார் என்று அறிந்து. மனுசன் மெலிந்திருந்தார். வாங்கின் நுனியில் இருந்தார்.

“மிஸ், நா ஒண்ணு கேக்குறேன். நீங்களே சம்மதிச்சுக் குடுத்ததா சொல்லுங்க. ஆறு மாசத்துக்குன்னு சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும், லோயர்கிட்ட கேட்டேன். இல்லாட்டி என் கடை போயிடும் மிஸ். பொலிஸுக்கும் போகும்.”

“பேப்பரை ஏன் எரிஞ்சு போச்செண்டு சொன்னனீங்கள்?”

“நீங்க திரும்பி வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்? ஒரு பேப்பர தானே வெச்சேன். ஒங்க உசிர காப்பாத்தினேனே மிஸ். அதுக்கு ஒரு பேப்பர் பெறாதா?”

“பெறும். கேட்டிருந்தா எழுதித் தந்திருப்பன். கேக்காமல் எடுத்தீர்,” என்றார் அக்கா. அதுவரை ‘நீங்கள்’ என்று கதைத்தவர், அந்த இடத்திலிருந்து அவருக்கு ‘நீர்’தான்.

அவர் போனபின் நானே கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “காப்பாத்தினவர்தானே அக்கா. கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன?”

“ஆர் இல்லையெண்டது?” என்றார். “தட்டும் தம்பி. காப்பாத்தினதையும் தட்டும். ரெண்டு கொப்பி.”

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். விண்ணப்பம் தட்டியவன் என்று என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் கேள்விகள் முடிந்த பிறகு யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, கதவோரம் இருந்துவிட்டேன். ஒரு மூலையில் முதலாளி. மற்ற மூலையில் கொலன்னாவைத் தாய், முறைப்பாட்டுக்காரி. அவள் அக்காவை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிங்களமும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுகிற அக்கா, அன்று தமிழில்தான் சொல்வேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார். பிறகு ஏன் என்று விசாரித்தேன். “நான் சொல்லுறதை எல்லாரும் ரெண்டு தரம் கேக்கட்டும் எண்டுதான்.”

தலைவர் கேள்வி கேட்க வாயெடுத்தார். அக்கா எழுந்து, “முதல்ல ஒண்டு எழுதுங்கோ ஐயா,” என்றார். எழுதுகிறவர் பேனையைத் தூக்கும்வரை நின்றார். பிறகு கலவரத்தைச் சொன்னார். பால்மாப் பெட்டிகள், வாசலில் நின்ற முதலாளி, வெளியே எடுத்துப் போட்ட சிலுவை, வந்தவர்கள் கையில் இருந்தவை, வானில் மூச்சை அடக்கிப் படுத்தது. ஒன்றும் விடவில்லை. “இந்த மனுசன் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை. அதுக்கு நான் சாட்சி.” முதலாளி கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐந்து பேரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா இளகிவிட்டார், முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன்.

“எழுதியாச்சோ?” என்றார் அக்கா. “எல்லாம் எழுதியாச்சோ? அப்ப இனி மற்றதை எழுதுங்கோ.”

பதிவுத் தபால் அட்டையைக் காட்டச் சொன்னார். கோப்பிலிருந்து எடுத்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது என் கையெழுத்து இல்ல சேர். எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார்.

அக்கா கைப்பையைத் திறந்தார். கொட்டாஞ்சேனைக் கடையில் தன்னை வேலைக்கு எடுத்தபோது முதலாளி கொடுத்த கடிதம். உயிருக்கு ஒளித்துப் போனபோது பெட்டிகளுக்கு அடியில் கூடவே போன கடிதம். அதன் அடியில் அதே கையெழுத்து, கீழிருந்து மேலே தூண்டில் மாதிரி வளைந்து போகும் அதே இழுப்பு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நாலு வருஷம் ஒவ்வொரு நாளும் நான் மருந்துப் புத்தகம் எழுத, கீழ இவர் ஒப்பம் போட்டவர். அந்த ரெண்டு நாளுக்கு நான் சாட்சி எண்டு சொன்னன். இந்தக் கையெழுத்துக்கும் நான்தான் சாட்சி. முதல் சொன்னதை நம்பினா, இதையும் நம்புங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அது காதில் விழ, கொலன்னாவைத் தாய் மெல்லத் தலையைத் திருப்பினாள். அக்காவிடமிருந்து முதலாளியிடம். அந்தப் பார்வை அறையைக் கடந்து போவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

படியில் இறங்கும்போது முதலாளியின் கால்கள் தடுமாறின. நான் பிடிக்கப் போனேன். “விடும்,” என்றார் அக்கா. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் விட்டேன்.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. அக்காவின் பெயர் திரும்பப் பதிவேட்டில். முதலாளியின் கடைக்குக் கொடுத்த அனுமதி ரத்து, கோப்பு பொலிஸுக்கு. சாட்சிப் பொருளாக இருந்த மூல சேர்டிபிகேட்டை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்கள், பதினொரு வருஷத் தூசியோடு. ஹாஜியார் பெரிய தட்டில் வட்டிலப்பம் செய்வித்து வைத்திருந்தார். சேர்டிபிகேட்டைக் கொண்டாங்க மகள், தொங்கவிடுவோம் என்றார்.

“இன்னும் ஒரு சாமான் வரோணும்,” என்றார் அக்கா. என்னிடம் வந்து இரண்டு வரி தட்டச் சொன்னார். தட்டினேன். இரண்டு கொப்பி. பிறகு, “உம்மட்டக் குறடு இருக்கோ?” என்று கேட்டார்.

அப்படித்தான் நாங்கள் கொட்டாஞ்சேனையில், அந்த அரைக்கதவுக்குள் நின்றோம்.

முதலாளி ஆணியை நிமிர்ந்து பார்த்தார். “அதுவா? அது என்னத்துக்கு மிஸ்? வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க.”

“எடுக்கத்தான் வந்தனான்.”

முக்காலியை இழுத்து, சேலையைச் செருகிக்கொண்டு அக்காவே ஏறினார். குறட்டை என்னிடமிருந்து வாங்கினார். ஆணி லேசில் வரவில்லை. பதினொரு வருஷம் பாரம் தாங்கியது. அசைத்து அசைத்து இழுத்தார். சுண்ணாம்பு கொட்டி முதலாளியின் தலையில் விழுந்தது. வெளியே வந்தபோது ஒரு சின்னச் சத்தம், பல்லுப் பிடுங்குகிற மாதிரி.

இறங்கி, மருந்து போட்டுக் கொடுக்கும் கடதாசி உறை ஒன்றில் ஆணியைப் போட்டு மடித்தார். அந்த உறையும் தான் கொண்டுவந்ததுதான், அந்தக் கடையில் ஒன்றையும் தொடவில்லை. பிறகு நான் தட்டிய தாள்களை மேசையில் விரித்தார். ‘என் கடைச் சுவரில் இருந்த, உரிமையாளரின் சேர்டிபிகேட் தொங்கிய ஆணி ஒன்றை, அவரிடமே ஒப்படைத்தேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம்.

முதலாளி வாசித்தார். முகம் கறுத்தது. “இதுக்கும் கையெழுத்தா மிஸ்?”

“ஓம். பதிவுத் தபாலுக்கு யோசியாமத்தானே போட்டனீர். இதுக்கும் அப்பிடியே போடும்.”

அவர் போட்டார். இரண்டு கொப்பியிலும் போட்டார். கீழிருந்து மேலே, தூண்டில் மாதிரி. அக்கா ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். மற்றதைத் தன் முன் வைத்து, கைப்பையிலிருந்து அந்தத் தபால் அட்டையின் போட்டோக்கொப்பியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். குனிந்து ஒருதரம் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்தார். மூன்றாம் தரமும் பார்த்தார். பிறகு பிளவுஸில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்து, இரண்டரை வருஷமாகத் திறக்காத மூடியைத் திறந்து, முதலாளியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சரி போட்டு, மை காயும்வரை ஊதினார்.